முனியாண்டி கையில் இடி-9

அன்று அந்தக் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எவரும் "நான் அங்க இல்லலா" என்று நழுவக்கூடாது. (இரண்டு பேர் ஏற்கனவே நழுவியாகிவிட்டது.)

நான், மாரிமுத்து, பேராக் மாநிலத்து லகாட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. என் மனைவி பரமேஸ்வரி. அவளுடைய தம்பி தினேஷ், தன்னை இயக்குநர் என்று சொல்லிக்கொள்பவன். கோயில் தலைவர் சுப்பையா. ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில் ஜாகா, அதாவது காவலாளி வேலை பார்த்துக்கொண்டு, பூசை நாட்களில் சாமியாடும் வேலாயுதம் அண்ணன். உருமி மேளக்காரர்கள் ஐந்து பேர். மழைக்கோட்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாட்டிக்கொண்டிருந்த செவ்வாய்க் கிரகப் படைவீரர்கள் நான்கு பேர். பூசைக்கு வந்த தோட்டத்துச் சனங்கள் ஒரு முப்பது பேர். கடைசியாக முனியாண்டி. அவர் அன்றைக்கு வந்தாரா, இல்லையா என்பதுதான் எனக்கும் வேலாயுதம் அண்ணனுக்கும் இன்றுவரை ஓயாத வழக்கு.

நான் இயல்பில் கோபக்காரன் இல்லை, பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டால் லகாட் சாலை முனை வரைக்கும் போய், கேஸ் மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். கேஸைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் பூட்டைப் பார்க்கத் திரும்பி வருவேன். பள்ளியில் படிவம் இரண்டில் கணக்கு ஆசிரியர் கரும்பலகைக்குக் கூப்பிட்ட அன்று எனக்கு வயிற்றுவலி வந்தது. அது சரியாவதற்குள் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. என் படிப்பு முடிந்த கதை அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருவனை, காலையில் பல் விளக்கும்போதே பல்லை நறநறவென்று கடிக்கிறவனாக மாற்றிய பெருமை தினேஷையே சேரும்.

ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். படம் எடுக்கப்போகிறானாம். இருநூறு வருடம் கழித்து நடக்கிற கதை. செவ்வாய்க் கிரகத்தில் தமிழர்கள் குடியேறி, படை வைத்து, யாருடனோ சண்டை போடுகிறார்கள். (இங்கே ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கவே முப்பது வருடம் கடன் கட்ட வேண்டியிருக்கிறது.) காகிதத்தில் ஒரு துப்பாக்கியை வரைந்திருந்தான். பெயர் இடி-9.

"மாமா, இது சாதா கன் இல்ல. செவ்வாய்ப் படையோட பொதுப் பயன் மிஷின் கன்."

"அப்டின்னா?"

"எல்லா வேலைக்கும் ஒரே கன்னு. ரெண்டு கால்ல நிறுத்தினா ஒரு ஆள் படுத்துக்கிட்டே சுடலாம். மூணு கால் போட்டா கோட்டைக்குக் காவல். கப்பல் கதவுல மாட்டினா வானத்துலயும் சுடும். அவசரத்துக்குத் தோள்ல தூக்கிட்டு ஓடலாம். சமையக்காரன்கூட இத ஓட்டத் தெரிஞ்சிருக்கணும், அதான் ரூல்."

பொதுப் பயன் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் மாமியார் வீட்டில் பதினாறு வருடமாக அது நான்தான். குழாய் ஒழுகினால் மாரி, காடி எஞ்சின் படுத்தால் மாரி, கல்யாணத்துக்குப் பந்தல் போட, பிணத்துக்குக் கூடாரம் போட, எல்லாவற்றுக்கும் மாரி. படுக்கவைத்தும் சுடுவார்கள், கதவில் மாட்டியும் சுடுவார்கள். தோட்டாச் செலவு மட்டும் என்னுடையது.

சாமான் செலவு, கூலி எல்லாம் ஷூட்டிங் முடிந்த அன்றே கையில் தருவதாகத் தினேஷ் சொன்னான். பரமேஸ் காப்பியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே, "தம்பி மொத மொதல்ல ஒண்ணு கேக்குது, செஞ்சி குடுங்களேன்" என்றாள். தம்பி மொத மொதலாகக் கேட்டது என் மோட்டார் சைக்கிளை. அது இப்போது தெலுக் இந்தானில் யாரிடமோ இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பயம்.

செய்தேன். நன்றாகவே செய்தேன், அதுதான் வினையே. பைப்பு வாங்கி ஆறு குழலாக அறுத்து வட்டமாகக் கட்டினேன். பழைய மோட்டார் சைக்கிள் புகைக்குழாயை அடியில் பொருத்தினேன். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்குகள் பட்டறைக்குப் பின்னால் கொஞ்சம் கிடந்தன. அவற்றைக் குழலுக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்தபோது எனக்கே சிலிர்த்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தினேஷ் தாடையைத் தடவிக்கொண்டு, "உயிர் இல்ல மாமா. குழல் சுத்தணும், குலுங்கணும், புகை வரணும்" என்றான்.

உயிர் கொடுத்தேன். எதை? என் புல்வெட்டும் மிஷினின் எஞ்சினை.

அந்த மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைச் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். சனி, ஞாயிறுகளில் நான் தாமான் தாமானாகப் போய் புல் வெட்டுவேன். மகள் கவிதாவின் பள்ளி வேனும் டியூசனும் அந்தப் புல்லில்தான் ஓடின. இந்த ஒரு ஞாயிறு மட்டும் எஞ்சினைக் கழற்றி இடி-9க்குள் வைப்பது, சாயங்காலமே கழற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று தினேஷிடம் ஒன்றுக்கு நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் தலையாட்டினான்.

போர்ட்டிகோவில் ஓட்டிப் பார்த்தேன். குழல்கள் சுழன்றன, மங்குகள் கடகடத்தன, நீலப் புகை கிளம்பியது. பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, புல் வெட்டவா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். இந்தக் கதையின் முதல் பொய் அது, என்னுடையது. அடுத்த பொய்தான் என்னைக் கவிழ்த்தது.

என் பயமெல்லாம் போலிஸ்மேல்தான். பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் உண்மை மாதிரி இருந்தால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டார்கள். பர்மிட் எடுத்தாயா என்று தினேஷைக் கேட்டேன். "போலிஸ்ல சொல்லியாச்சி மாமா, பயப்படாதீங்கலா" என்றான். அவன் சொன்னது கூடப் படித்த ஒரு சிநேகிதனிடம், அந்தச் சிநேகிதன் ஈப்போவில் போக்குவரத்து போலிஸ், அதுவும் சொன்னது வாட்சப்பில் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று வந்ததாம். அதுதான் பர்மிட்.

படப்பிடிப்பு தாப்பாவுக்கு இந்தப் பக்கம், பரமேஸ் பிறந்த பழைய ரப்பர் தோட்டத்தில். இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. ஒரு பகுதியை வீடு கட்டுகிற கம்பெனிக்காரன் வாங்கிச் சுரண்டிப் போட்டிருந்தான். அந்தச் செம்மண்தான் செவ்வாய்க் கிரகம். நடுவில் மிச்சமாக நிற்பது முனியாண்டி கோயில் ஒன்றுதான்.

துப்பாக்கியைப் பரமேஸின் பழைய மஞ்சள் சேலையில் சுற்றி என் காடியில் ஏற்றினோம். பின் கண்ணாடியிலிருந்து முன்சீட்டு வரை நீண்டது. குழல் முனை என் இடது காதுக்குப் பக்கத்தில் இருந்தது. எஞ்சின்தானே, சுடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளத்தில் காடி குதித்தபோதெல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கோப்பெங் தாண்டியதும் சாலைத் தடுப்பு. என் கை ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்தது. போலிஸ்காரர் குனிந்து லைசென்ஸ் கேட்டார். நான் கேஸ் பில்லை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வியர்வையைப் பார்த்தார், பிறகு பின்னால் நீண்டு கிடந்த மஞ்சள் மூட்டையைப் பார்த்தார். என்ன அது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

பரமேஸ் கண்ணை இமைக்கவில்லை. "கோயில் சாமான் துவான். எங்க சாமிக்குக் கொண்டுபோறோம்" என்று மலாயில் சொன்னாள்.

மஞ்சள் துணி, என் முகம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தவருக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் என் பெண்டாட்டியின் சாமர்த்தியத்தைக் கம்பார் வரைக்கும் மெச்சிக்கொண்டே போனேன். என் மாதிரி மடையன் பேராக்கில் உண்டா?

கோயிலில் அன்று பூசை. உருமி மேளமும் கூட்டமும் காசில்லாமல் படத்துக்குக் கிடைக்கும் என்று தினேஷ் அந்த நாளாகப் பார்த்துத்தான் வைத்திருந்தான். கேமராவுக்குப் பொட்டு வைத்தான். பிறகு, கன்னுக்கும் பூசை போட்டுவிடலாம் என்றான். புதுக் காடி வாங்கினால் போடுகிறோம், லாரிக்குப் போடுகிறோம், மிஷின் கன்னுக்குப் போட்டால் என்ன என்று கூட்டத்திலும் நாலு பேர் சொன்னார்கள். முனியாண்டியின் காலடியில், வரிசையாக நட்டிருந்த அருவாள்களுக்கு முன்னால் இடி-9ஐ வைத்தார்கள். குழலுக்குச் சந்தனம், குங்குமம். ஆறு குழலிலும் ஆறு எலுமிச்சம்பழம். மாலை.

என் கவலை வேறு. டாங்கியில் நிறைய பெட்ரோல். தலைவர் சுப்பையா சூடத்தட்டை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுற்றுகிறார். நான் குனிந்து குனிந்து டாங்கி மூடியைத் திருகப் போனேன். "மாப்ள, பூச நேரத்துல குறுக்க வராதீங்க" என்று சுப்பையா என்னை முழங்கையால் தள்ளினார். (அந்தத் தோட்டத்தில் பெண் எடுத்ததால் நான் எல்லோருக்கும் மாப்பிள்ளை. மரியாதை கூப்பிடுவதோடு சரி.)

உருமி ஏறியது. வேலாயுதம் அண்ணனுக்கு அருள் வந்தது. வழக்கமாக அவர் அருவாளை உருவி நாக்கில் வைப்பார், சுருட்டுக் கேட்பார். அன்று கை அருவாளுக்குமேல் போய் ஒரு நிமிடம் நின்றது. பிறகு நகர்ந்தது. இடி-9ஐ எடுத்தார். இரண்டு பேர் தூக்கி வந்த சாமானை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்தார். சோக்கைப் பாதி இழுத்தார். கயிற்றைப் பிடித்து ஒரு இழு.

நான் இழுத்தால் ஆறாவது இழுப்பில் பிடிக்கிற எஞ்சின் அது. முதல் இழுப்பிலேயே பிடித்தது.

குழல்கள் சுழன்றன. ஆறு எலுமிச்சம்பழமும் ஆறு திசையில் பறந்தன. ஒன்று தலைவர் நெற்றியில். குங்குமம் செம்மழையாகக் கூட்டத்தின்மேல் தெறித்தது. மங்குகளின் கடகடப்பு உருமியை விழுங்கியது. நீலப் புகைக்குள் முனியாண்டி சிலையும் வேலாயுதம் அண்ணனும் ஒன்றாகத் தெரிந்தார்கள். முப்பது பேரும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். செவ்வாய்க் கிரகப் படையும் விழுந்தது. நின்றுகொண்டிருந்தது தினேஷ் ஒருவன்தான், கேமராவைப் பிடித்துக்கொண்டு, "செம்ம, செம்ம" என்று.

எஞ்சின் அடங்கியதும் சாமி கேட்டது, "எவன்டா கொண்டாந்தது?"

படுத்திருந்த அத்தனை பேரும் படுத்தபடியே என்னைக் கைகாட்டினார்கள். நான் முழங்காலில் நின்றிருந்தேன். பக்தி ஒன்றும் இல்லை, பறந்த எலுமிச்சம்பழத்துக்குத் தப்பக் குனிந்தது.

"நல்லா செஞ்சிருக்கடா. தோட்டம் போச்சி, லயம் போச்சி. நாளைக்கி என் கூரையையும் பேத்தெடுக்க வருவானுங்க. இந்தத் துருப்பிடிச்ச அருவாள வச்சிக்கிட்டு நான் எத்தன பேருக்குக் காவல் நிக்கிறது? இது இங்கயே இருக்கும்."

எனக்கு மகளின் பள்ளி வேன் கண்முன் வந்தது. எங்கிருந்தோ குரலும் வந்தது. "சாமி, வெளிய இருக்கிறதெல்லாம் நீங்களே வச்சிக்கிங்க. உள்ள இருக்கிற எஞ்சின மட்டும் கழட்டிக்கிறேன்."

"தல ஒனக்கு, முண்டம் எனக்காடா?"

கூட்டம் 'உச்' கொட்டியது. என்னைப் பார்த்து.

அருள் இறங்கி, அண்ணன் தண்ணீர் குடித்து ஓரமாக உட்கார்ந்ததும் நான் தலைவரிடம் போனேன். நெற்றியில் எலுமிச்சம்பழ வீக்கத்தோடு அவர் சிரித்தார். சாமி வாய்விட்டுக் கேட்டதைத் திருப்பிக் கேட்பது முறையா, மாப்பிள்ளை சீர் செய்ததாக வைத்துக்கொள்ளக்கூடாதா என்றார். அது சாமிக்குக் கொண்டுவந்ததே இல்லை, படத்துக்குக் கொண்டுவந்தது என்று கத்தினேன். ஆமாம், கோயிலுக்குள் கத்தினேன்.

அப்போதுதான் பரமேஸ் என் சட்டைக் கையைப் பிடித்தாள். முகம் வெளிறியிருந்தது.

"நான்தாங்க வாயால சொல்லிட்டேன். சாமிக்குக் கொண்டுபோறோம்னு சொல்லிட்டேன்."

"அது போலிஸ்கிட்ட சொன்னதுடி."

"யார்கிட்ட சொன்னா என்னாங்க? சொன்னா சொன்னதுதான. நேந்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சி."

தலைவர் இதைக் கேட்டதும் கையைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டார். வழக்கு முடிந்தது. அரசாங்க அதிகாரி முன்னிலையில், தாய்மொழிகூட இல்லாத மொழியில், சொந்தப் பெண்டாட்டி நேர்ந்துவிட்டாள். என் கை நடுங்காமல் இருந்திருந்தால் அவள் பொய் சொல்லியிருக்க வேண்டாம். போலிஸுக்குப் பயந்த பயம்தான் சாமிக்குக் கொண்டுபோய் எழுதிவைத்தது. இத்தனை வருடமாக எதெதற்கோ முன்கூட்டியே பயந்து வைத்திருக்கிறேன். இந்த ஒன்று என் பட்டியலில் இல்லாமல் போய்விட்டது.

போலிஸில் புகார் கொடுக்கலாம் என்றால் என்னவென்று கொடுப்பது? நான் செய்த மிஷின் கன்னை முனியாண்டி எடுத்துக்கொண்டார் என்றா? தினேஷைப் பிடித்து உலுக்கினேன். அவன் கேமராவில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே, "மாமா, செவ்வாய்க் கிரகமே வேணாம் மாமா, இதான் படம்" என்றான். அப்படியே செய்தான். போட்ட வீடியோவை ஊரே பார்த்தது. இன்றைக்கு அவன் கோயில் திருவிழாக்களைப் படம்பிடிக்க ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் புதுக் காடியில் போய்வருகிறான். என் காசைக் கேட்டால், படம் எடுத்தால்தானே பட்ஜெட் என்கிறான்.

அடுத்த வாரம் வேலாயுதம் அண்ணனைப் பேரங்காடி வாசலில் பிடித்தேன். சீருடையில், தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது.

"அது நான் இல்லலா தம்பி. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார்.

"அப்ப சோக்கப் பாதி இழுத்தது யாருண்ணே? முழுசா இழுத்தா அந்த எஞ்சின் பிடிக்காது. பாதிதான் இழுக்கணும். அது என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

அவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு மட்டுந்தான் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான்."

"அப்ப எனக்குத் தெரிய வழியில்ல. அது சாமிதான்னு நீயே சொல்லிட்ட."

நான் அரிசி ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறென்ன செய்வது?

ஒரு முறை மட்டும் வீரம் வந்தது. பட்டப்பகலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நல்ல ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சிலைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். பின்னால் செம்பனை மட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது. மட்டை விழுவதுதான் செம்பனையின் பிறவிக்குணம், அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? காடிக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரை அங்கேயே விட்டது நினைவுக்கு வந்தது. அதற்கும் இப்போது சிவப்புத் துணி கட்டிப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

கூரையைப் பெயர்க்க யாரும் இன்னும் வரவில்லை. கம்பெனிக்காரன் வேலையை அந்தக் கடைசியில் தொடங்கி, கோயில் பக்கம் வராமல் நிறுத்தியிருக்கிறான். காசில்லாமல் நின்றதா, சாமிக்குப் பயந்து நின்றதா, எனக்குத் தெரியாது. ஊர் முடிவு பண்ணிவிட்டது. முனியாண்டிக்கு இப்போது மிஷின் முனி என்று பெயர். ஸ்டவுட் பீர் போத்தலுக்குப் பக்கத்தில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்ப் போத்தலும் படைக்கிறார்கள். திருவிழாவுக்கு முந்தின வாரம் தலைவர் எனக்குப் போன் போடுவார். "மாப்ள, சாமி ஸ்டார்ட் ஆவல."

போகிறேன். பிளக் துடைத்து, கார்புரேட்டர் கழுவி, என் எஞ்சினை முனியாண்டிக்கு நானே ஓடவைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். கூலி கிடையாது, ஒரு எலுமிச்சம்பழம் தருவார்கள். போகாமல் இருந்து பார்க்கலாம்தான். இருந்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்குவது யார்?

மகளின் வேனுக்காக ஆறு மாதம் பக்கத்துப் பட்டறையில் மிஷினை வாடகைக்கு எடுத்துப் புல் வெட்டினேன். இப்போது கவிதா பெரிய பெண். வீட்டில் என் செருப்பைக் காணோம், திருப்புளியைக் காணோம் என்று நான் தேட ஆரம்பித்தால், தலையை நிமிர்த்தாமல், "கோயிலுக்குன்னு சொல்லிட்டீங்களாப்பா?" என்கிறாள். குடும்பத்தில் யாருக்காவது புதுச் சாமான் வாங்கினால், சாலைத் தடுப்பு இல்லாத வழியாகக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் தினேஷே இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். பரமேஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சிரிக்கட்டும். முனியாண்டியிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவர் காவலுக்கு நிற்கிறார், வைத்துக்கொள்ளட்டும். தினேஷ் எதற்கும் காவல் நிற்கவில்லை. கூலி, பைப்பு, பெயிண்டு, எஞ்சின், அந்த ஸ்பேனர் எல்லாம் சேர்த்து அவன் எனக்குத் தர வேண்டியது தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு ரிங்கிட்.